சத்தத்துக்கு அட்ரஸ்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அண்ணி முதலில் மின்விசிறியை நிறுத்துவார். ஒரு செருப்பு இன்னும் காலில் இருக்கும்போதே கை சுவிட்சைத் தேடிப் போய்விடும். அடுத்தது டிவி. அதற்கடுத்து அடுக்களைக்குள் போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவார். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வியர்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்களைப் பார்த்து, "ம், இப்பப் பேசுங்க. இப்பத்தான் பேச்சு பேச்சா இருக்கும்" என்பார். கிளம்பும்போது ஃபிரிட்ஜை மட்டும் மறந்துவிடுவார். எங்கள் உறவில் யார் வீட்டிலாவது பால் கெட்டுப்போனால் அண்ணி வந்து போயிருக்கிறார் என்று அர்த்தம்.

அவர் என் கணவரின் அக்கா. காது மருத்துவமனை ஒன்றில், மனிதர்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வது அவர் வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறார். அவருடைய அறையில் இன்னொரு சின்ன அறை இருக்கிறது. அதன் சுவர்களில் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். கதவு ஒரு சாண் கனம். சோதனைக்கு வந்தவர் அதற்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வெளியே அண்ணி ஒரு குமிழைத் திருப்பிச் சின்னச் சின்னச் சத்தங்களை அனுப்புவார். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அது இருப்பதால்தான் தொழிலில் பாதித் தகராறு என்பார்.

"எல்லாரும் காப்பியடிப்பாங்க. பெரிய பெரிய ஆபீசருங்க கூட. காதால கேட்க மாட்டாங்க, என் தோள்பட்டையைத்தான் பார்ப்பாங்க. தோள் அசைஞ்சா டக்குனு விரலைத் தூக்கிடுவாங்க."

அதனால் அவர் சத்தம் அனுப்பாதபோதும் தோளை அசைத்து வைப்பார். முகத்தில் எதுவும் தெரியாது. வீட்டிலும் அந்த முகம்தான். நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொள்வார். இன்னொரு விதியும் வைத்திருக்கிறார். "ஒரு தடவை தூக்கினா அது ஆசை. மூணுக்கு ரெண்டு தடவை தூக்கினாத்தான் காது."

உறவினர்களைப் பேர் சொல்லிக் குறிப்பிடும் வழக்கமும் அவருக்கு நாளடைவில் போய்விட்டது. ரிப்போர்ட்டில் வந்த எண்ணைச் சொல்வார். எண் ஏற ஏறக் காது மந்தம். "அம்பத்தஞ்சு போன் பண்ணாரு, மக்கு பாஸாயிட்டாளாம்" என்பார். அம்பத்தஞ்சு அவருடைய சித்தப்பா. மக்கு, சித்தப்பாவின் கடைசி மகள். அவள் இன்னும் சோதனைக்கு வரவில்லை என்பதால் செல்லப்பேர்தான். நான் பதினைந்து. மாமா, அதாவது என் மாமனார், எழுபது. என் கணவர் பத்து. குடும்பத்திலேயே அதுதான் நல்ல காது. போன வருடம் அவர் இறந்த பிறகும் அண்ணி "தம்பி பத்து" என்றே சொல்லிவந்தார். யாரோ ஒருவர், "பத்தா இருந்தாரு" என்று மெதுவாகத் திருத்தினார். அண்ணி, "ரிப்போர்ட் மாறாதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டு மின்விசிறியை நிறுத்தப் போனார்.

சோதனைக்கு வர மறுப்பவர்களையும் அவர் விட்டுவிடுவதில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது தட்டைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் "உப்பு" என்பார். உதட்டைப் பார்த்துச் சமாளிப்பவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். உப்பு வந்தால் சரி. வராவிட்டால் மறுநாள் காலை பத்தரைக்கு அந்த உறவினருக்கு மருத்துவமனையில் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். தட்டு இல்லாத இடங்களில் ஒரு பச்சை ஃபைலால் மறைப்பார். அந்த ஃபைல் எப்போதும் அவருடன் இருக்கும்.

கைப்பையில் ஒரு டப்பா நிறைய மஞ்சள் ஸ்பாஞ்சு காது அடைப்பான்கள் இருக்கும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குப் போய், தொழிலாளர்களை வரிசையாக உட்கார வைத்து, காதைப் பொத்திக்கொண்டு வேலை செய்யுங்கள் என்று பேசுவார். "மத்ததுக்கெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும். இதுக்குக் கிடைக்காது. எந்தக் கடையிலயும் கிடைக்காது." பேருந்தில் ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடித்தால், இறங்கும்போது அவர் கையில் இரண்டு அடைப்பான்களை வைத்துவிட்டு இறங்குவார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு காருக்குச் சைலன்சர் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தது.

கார் என் கணவருடையது. ஆறு சிலிண்டர், எங்கள் தலைமுறையில் எல்லோரையும்விட மூத்தது, நீளமான மூக்கு. அதன் பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையின் மேல் பிஸ்கட் டின்னை வெட்டிக் கம்பியால் கட்டி ஏழெட்டு வருடம் ஓட்டினார். தெரு முனையில் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்கும். கேட்டதும் மாமா எழுந்துபோய்க் கேட்டைத் திறப்பார்.

இது வெறும் கேட்டைத் திறக்கும் விஷயம் இல்லை. மாமாவுக்கு அறுபத்தைந்து வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. அண்ணி காதுக்கருவி வாங்கிக் கொடுத்தார். மாமா அதைப் பெட்டியோடு இழுப்பறையில் வைத்துவிட்டு, "காது கேட்காதவன் எப்படிம்மா கரெக்டா எழுந்துபோய்க் கேட்டைத் திறப்பான்?" என்று கேட்டார். உலகத்தில் மாமாவுக்குத் தானாகக் கேட்ட ஒரே சத்தம் அந்த ஓட்டைச் சைலன்சர். அதை வைத்துக்கொண்டு ஏழெட்டு வருடம் கௌரவமாக வாதாடி வந்தார்.

பிறகு ஒருநாள் சைலன்சர் நடுரோட்டில் கழன்று விழுந்தது. என் கணவர் காரை ஊர்க் கோடியில் ஒரு வாடகைக் கொட்டகையில் கட்டைகளின் மேல் தூக்கி வைத்துவிட்டு, எது மாட்டலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார். ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா? சாப்பிடும்போது ஒரு கரண்டியை மேசையில் வைத்துப் பார்ப்பார். பக்கத்தில் இன்னொரு கரண்டியை வைத்துப் பார்ப்பார். இரண்டையும் ஓர் இடத்தில் சேர்த்துப் பார்ப்பார். இரண்டு வருடம் யோசித்தார். நடுவில் ஒருமுறை துணிந்து, கம்பெனி முதலில் கொடுத்த மாதிரியிலேயே ஒற்றைக் குழாய் செட் ஒன்றை வாங்கிவந்தார். அன்று ராத்திரியே சந்தேகம் வந்து அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அது அங்கேயே இருந்தது. போன வருடம் அவர் போய்விட்டார்.

மாமாவுக்கு எல்லாம் தெரியும். மறதி ஒன்றும் இல்லை. அறையை விட்டு வெளியே வருவது மட்டும் நின்றுபோனது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். யார் உள்ளே போனாலும் தோளில் கை படும்வரை அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் தூக்கிவாரிப் போடும். "ஏன் திருடன் மாதிரி வர்றீங்க? வந்தா ஒரு குரல் கொடுத்துட்டு வரக் கூடாதா?" என்பார். நாங்கள் வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டுதான் வருவோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு மாலை அண்ணி தொட்டபோது நாற்காலியோடு சாய்ந்தார். புருவத்தின் மேல் நான்கு தையல். இன்னொரு முறை விழுந்தால் இடுப்பு உடையும், அப்புறம் எழுந்திருப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அண்ணி அழைப்பு மணியோடு ஒரு சிவப்பு பல்பைச் சேர்த்து அறையில் பொருத்தினார். மணி அடித்தால் பல்பு எரியும். மறுநாள் பல்பைக் காணோம். இழுப்பறையில் காதுக்கருவிக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்று கூடத்தில் மின்விசிறி இல்லாமல் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"அவருக்குக் கேக்கலைன்னு அவருகிட்ட சொல்லாம, ஆள் வர்றது அவருக்குத் தெரியணும்" என்றார் அண்ணி. பிறகு, "கட்டிலுக்கு அடியில இருக்கறத எடு" என்றார்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. "வண்டிச் சத்தம் கேட்டு, அவர்தான் வர்றாருன்னு மாமா நினைச்சுட்டா?"

"அப்பாவுக்குக் காதுதான் போச்சு" என்றார் அண்ணி.

சைலன்சர்காரரின் பட்டறை, கொட்டகைகள் வரிசையாக இருக்கும் ஒரு சாலையின் கடைசியில் இருக்கிறது. சுவரில் குழாய்கள் கனத்தின்படி தொங்குகின்றன. அவருக்கு நாற்பது வயதிருக்கும், சாதாரணமாகப் பேசுவதே அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுவது போலிருக்கும். என் கணவரின் கரண்டிச் சந்தேகங்களை இரண்டு வருடம் போனில் கேட்டவர். அண்ணி முதல் வேலையாக ஃபைலால் வாயை மறைத்து ஏதோ கேட்டார். அவர் "என்னது?" என்றார். "நாப்பத்தஞ்சு" என்று அண்ணி என்னிடம் சொல்லிவிட்டு, அவருக்கு இரண்டு மஞ்சள் அடைப்பான்களைக் கொடுத்தார். அவர் அவற்றை நட்டு, போல்ட்டோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒற்றைக் குழாய் செட்டை இரண்டே நாளில் மாட்டிக் கொடுத்தார். வண்டி அழகாக ஓடியது. அண்ணி அதைத் தெருவில் ஓட்டிவந்து, கேட்டுக்கு வெளியே, மாமாவின் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார். மாமா பக்கத்தைப் புரட்டினார். அண்ணி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். மாமா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அண்ணி உள்ளே போய்த் தோளைத் தொட்டார். செய்தித்தாள் இரண்டாகக் கிழிந்தது.

மறுநாள் பட்டறையில் நானும் இருந்தேன்.

"என்ன மேடம், வண்டி வெண்ணெய் மாதிரி போகுதா?"

"போகுது. கழட்டுங்க."

"ஏன், ஏதாவது குறையா?"

"ஒரு குறையும் இல்ல. அதான் குறை. சத்தமே வரலை."

சைலன்சர்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "சத்தம் வரக் கூடாதுன்னுதானே சைலன்சர்னு பேர் வச்சிருக்கான்? சரி விடுங்க, சத்தம்தானே வேணும்? நேரா ஒரு குழாயை விட்டுடறேன், நடுவுல ஒண்ணும் வேண்டாம். நாலு தெருவுக்குக் கேட்கும்."

"நாலு தெருவுல எத்தனை காது இருக்கு தெரியுமா? பக்கத்து வீட்டுல மூணு மாசக் குழந்தை. எனக்கு வேலையைக் கூட்டாதீங்க. ஒரே ஒரு ஆளுக்குக் கேட்டாப் போதும்."

"சத்தத்துக்கு அட்ரஸ் எழுதி அனுப்ப முடியுமா மேடம்?"

அண்ணி பச்சை ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கார் மூக்கின் மேல் விரித்தார். மாமாவின் காது ரிப்போர்ட். "இதான் அட்ரஸ்" என்றார்.

சைலன்சர்காரர் குனிந்து பார்த்தார். கட்டம் போட்ட தாள். இடது ஓரத்தில் தாழ்ந்த சத்தங்கள், வலது பக்கம் போகப் போகக் கீச்சுச் சத்தங்கள். மாமாவின் கோடு இடது பக்கம் ஓரளவு மேலே தொடங்கி, இரண்டு கட்டம் போனதும் படிக்கட்டில் தடுக்கியது போல இறங்கி, கடைசியில் தாளின் அடியில் கிடந்தது.

"இந்த ரெண்டு படியிலதான் ஆள் இருக்காரு. மீதி வீடு காலி" என்றார் அண்ணி. "மணி, குரல், தட்டுறது, கத்துறது எல்லாம் காலி வீட்டுல போய் அடிக்குது. அடிவயித்துல இருந்து வர்ற மாதிரி ஒரு சத்தம் வேணும். அது இந்தப் படியில போய் நிக்கும். அவ்வளவுதான் வேணும். கீச்சு, கரகரப்பு ஒண்ணும் வேண்டாம், அது தெருவுக்குத்தான் போகும்."

அவர் அந்த இரண்டு படியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "உறுமல் வேணும்னு சொல்லுங்க" என்றார்.

"அப்படித்தான் சொல்வீங்களா?"

"அது ஒரு வியாதி மேடம். உள்ள உட்கார்ந்தா மண்டைக்குள்ள ம்ம்ம்னு நிக்கும். அதை எடுக்கச் சொல்லித்தான் எல்லாரும் என்கிட்ட வருவாங்க. வேணும்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

சட்டைப்பையிலிருந்து ஆறு நட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். கூடவே வந்த மஞ்சள் அடைப்பான்களைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆறையும் மூன்று மூன்றாகப் பிரித்தார். "முன்னாடி மூணு சிலிண்டர், பின்னாடி மூணு. மாத்தி மாத்தித்தான் வெடிக்கும். இது ஒண்ணு, அது ஒண்ணு. ஆறையும் ஒரே குழாய்ல சேர்த்தா நெருக்கமா, வழவழன்னு வரும். தம்பி வாங்கி வச்சது அதுதான். மூணு மூணாப் பிரிச்சு, கடைசி வரைக்கும் சேரவிடாம ரெண்டு குழாயாக் கொண்டு போனா, ஒவ்வொண்ணுலயும் பாதிதான் வரும். சத்தம் அடிக்குரலுக்கு இறங்கிடும். அப்புறம் ரெண்டு குழாய்லயும் உள்ள பஞ்சு அடைச்ச சைலன்சர் போடறேன். பஞ்சு கீச்சுக் குரலைக் குடிச்சிடும். அடிக்குரலை விட்டுடும்."

"நடுவுல ரெண்டையும் இணைக்கற துண்டுக் குழாய்?"

இதை அண்ணி எங்கே கற்றார் என்று எனக்குத் தெரியும். எங்கள் சாப்பாட்டு மேசையில்.

"போட்டா உறுமல் போயிடும்" என்றார் சைலன்சர்காரர்.

"அப்பப் போடாதீங்க."

இரண்டு வருடமாகக் கரண்டிகளால் தீராத விஷயம் கால் மணி நேரத்தில் தீர்ந்தது. சைலன்சர்காரர் நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "தம்பி இருந்தா எதைச் சொல்லியிருப்பாரு?" என்றார்.

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான். இன்னும் யோசிச்சிட்டு இருப்பான்."

ஒரு வாரம் கழித்துப் போனோம். அவர் காருக்குள் உட்கார்ந்து மெதுவாக மிதித்தார். முதலில் ஒன்றும் பெரிதாக இல்லை. இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் ரெண்டாயிரத்துக்கு வந்ததும் மேசையில் இருந்த ஸ்பேனர்கள் நகர ஆரம்பித்தன. காதில் கேட்டது என்று சொல்ல முடியாது. நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்தது போலிருந்தது. அண்ணி சாலையைக் கடந்துபோய் எதிர்க் கடையின் வாசலில் நின்று கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் ஏதாவது தொந்தரவாக இருக்கிறதா என்று விசாரித்தார். எது, என்றார் கடைக்காரர்.

"தெரு முக்குல இருந்து ரெண்டாவது கியர்லயே வாங்க" என்றார் சைலன்சர்காரர். "முள்ளை ரெண்டாயிரத்துல நிறுத்துங்க. அங்கதான் உறுமும். மூணாவது போட்டா அடங்கிடும். ஆனா ஒண்ணு மேடம், ஓட்டறவங்களுக்குத்தான் கஷ்டம். காதுக்கு ஏதாவது..."

அண்ணி கைப்பையைத் திறந்தார்.

அன்று மாலை ஆறு மணிக்குச் சோதனை. மாமாவிடம் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: நாளைக்கு ஆறு மணிக்கு ஒரு சின்ன டெஸ்ட், ஏதாவது கேட்டால் விரலைத் தூக்கவும். மாமா அதை மடித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டு, "எத்தனை டெஸ்ட்டு" என்றார். எனக்கும் ஒரு தாள் கிடைத்தது. மூன்று வரிசை; ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆம்', 'இல்லை'. நான் அறையின் மூலையில் உட்கார்ந்து துணி மடிக்க வேண்டும். ஜன்னலைப் பார்க்கக் கூடாது. முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது.

"உன் முகத்தை நம்ப முடியாது பதினஞ்சு. எல்லாத்தையும் எழுதி ஒட்டின மாதிரி இருக்கும். அப்பா காப்பியடிச்சிடுவார். நீ துணியையே பாரு."

முதல் முறை கார் தெரு முனையில் திரும்பியபோது மேசை மேல் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. நான் துணியைப் பார்த்தேன். என் கணவரின் சட்டை, அதையும் மடித்தேன். மாமா பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாதியில் தாள் நின்றது. விரல் எழவில்லை. கார் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. தாள் நின்றதைக் குறிக்கக் கட்டம் இல்லை. 'இல்லை' என்று குறித்தேன்.

அண்ணி தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார். மாமா செய்தித்தாளை மடித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினார். மடியில் கையைக் கோத்துக்கொண்டார். விரல் எழவில்லை. 'இல்லை' என்று குறித்தேன்.

மூன்றாவது முறை டம்ளர் நடுங்குவதற்கும் முன்னால் அவருடைய வலது கால் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடியது. கிடைத்ததும் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போனார். நான் தாளோடு பின்னால் போனேன்.

எங்கள் கேட்டு இரட்டைக் கதவு. ஆள் வர ஒன்று போதும். கார் வர இரண்டையும் திறக்க வேண்டும். இரண்டாவது கதவின் தாழ்ப்பாள் தரையில் இருக்கிறது. மூன்று வருடமாக யாரும் தொடாமல் இறுகிக் கிடந்தது. மாமா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு செருப்புக் காலால் அதை நாலைந்து முறை உதைத்தார். பிறகு குனிந்து தூக்கினார். இரண்டு கதவும் திறந்தன. அவர் ஓரமாக நகர்ந்து நின்றார்.

கார் தெருவில் உறுமிக்கொண்டு நின்றது. அண்ணி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை அறையின் முகம். மெதுவாக உள்ளே ஓட்டிவந்து மாமாவின் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு காதிலும் மஞ்சள் அடைப்பான்கள் இருந்தன. இன்ஜினை அணைக்கவில்லை.

மாமா ஜன்னல் பக்கம் குனிந்தார். அவர் எப்போதும் உரக்கத்தான் பேசுவார்.

"முக்குல இருந்து ரெண்டாவது கியர்லயே உருட்டிட்டு வர்றியேம்மா. அவன் திரும்பினதும் மூணாவதுக்கு மாத்திடுவான்."

அண்ணிக்கு அது கேட்டிருக்க முடியாது. ஆனால் இருபத்தாறு வருடமாக உதடுகளைப் பார்த்துப் பழகியவர். முழுவதும் புரிந்துவிட்டது. பழக்கத்தில் அவருடைய இடது கை பக்கத்துச் சீட்டிலிருந்த பச்சை ஃபைலை எடுத்து வாய்க்கு நேரே கொண்டுவந்தது. பாதி வழியில் கை நின்றது. ஃபைலைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, முகத்தை முழுவதுமாக அவர் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பதில் சொன்னார்.